வயல் ஒன்று, பார்வைக்குக் காலி

"என்னம்மா, காலி பாட்டில அனுப்பி வெச்சிருக்கான்?"

ஸ்டோர்ஸ் சார் அந்தச் சுண்டுவிரல் உயரக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்துவிட்டார். அடிவயிற்றில் எனக்கு ஒரு புரட்டல். "சார், குலுக்காதீங்க சார், உள்ள மருந்து இருக்கு." "எங்க இருக்கு? காட்டு."

காட்ட முடியாது. 2016 மே மாதம், கத்திரி வெயில். தரமணிப் பக்கம் ஒரு ஆய்வு நிறுவனம், பெயர் வேண்டாம். பிஎச்டியில் எனக்கு இரண்டாம் வருடம். குப்பிக்குள் இருந்தது பத்து மைக்ரோகிராம் ரீகாம்பினன்ட் ஹியூமன் ரெசிஸ்டின் என்ற புரதம். உறையவைத்து உலர்த்திய பொடி என்று லேபிள் சொல்லும். ஆனால் பத்து மைக்ரோகிராம் பொடி எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கண்ணாடிச் சுவரில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு மங்கல் தெரிந்தாலே அதிர்ஷ்டம். சில சமயம் மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திற என்று கூடவே வரும் தாளில் போட்டிருப்பார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கைடு, துறைத் தலைவர், அக்கவுண்ட்ஸ் என்று மேசை மேசையாகக் கோப்பு நகர்ந்து, கடல் தாண்டி அது வந்து சேர ஒன்பது வாரம் ஆனது. விலை, வரியெல்லாம் சேர்த்து 31 ஆயிரத்துச் சொச்சம். சார் மேசையில் இருந்த கால்குலேட்டரில் தட்டினார். ஒரு மைக்ரோகிராம் 3,100 ரூபாய். அன்றைக்கு ஒரு கிராம் தங்கமே ஏறக்குறைய மூவாயிரம்தான். "அப்ப இது ஒரு கிராம் வாங்கணும்னா?" 310 கோடி வந்தது. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, பில்லில் குப்பிக்கு ஆங்கிலத்தில் போட்டிருந்த 'வயல் – 1' என்ற வரியில் விரலை வைத்தார். "ஒரு வயல் முப்பத்தோராயிரமா? செங்கல்பட்டுப் பக்கம்கூட இந்த வெலைக்குக் கெடைக்காதேம்மா."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. அன்றைக்கு என் கவலையெல்லாம் தெர்மகோல் பெட்டியில் இருந்த ஜெல் பேக்குகள் மேல். களி மாதிரி இளகிக் கிடந்தன. மீனம்பாக்கத்தில் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ, கூரியர்க்காரர் பைக்கில் எத்தனை மணி நேரம் சுற்றியதோ. சாருக்கு வேறு சந்தேகம். "ஹியூமன்னு போட்டிருக்கு. மனுசனுக்குக் குடுக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு. ரெண்டுல எது?" ரெண்டும்தான் என்றேன். மனிதனுடைய ஜீனை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டு செய்ய வைத்த புரதம். மனிதனுடையது, ஆனால் எந்த மனிதனிடமிருந்தும் எடுத்ததல்ல. ஆராய்ச்சிக்கு மட்டும். "கிருமி செஞ்சதா?" என்று முகம் சுளித்தார். "நீங்க தெனம் போட்டுக்கிற இன்சுலினும் அப்படித்தான் சார். 1978லயே பாக்டீரியாவ வெச்சு செஞ்சுட்டாங்க, 1982லேருந்து விக்கிறாங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவைத் திறந்து பதிவேட்டில் நிதானமாக எழுதினார். 'வயல் – 1. பார்வைக்குக் காலி. ஸ்காலர் சொல்படி பெறப்பட்டது.' அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அந்த வரி என்னை எரிச்சல்படுத்தியது. லேபில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். 'பார்வைக்குக் காலி' என்பது எங்கள் கூட்டத்தில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. செமினாரில் தூங்கி வழிகிறவர்களுக்கு, மாதக் கடைசிப் பர்ஸுக்கு, எல்லாவற்றுக்கும்.

பத்து, ஐம்பது, நூறு

ரெசிஸ்டின் மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட பிடிப்பு இருந்தது. 2001ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மிட்செல் லாசரின் குழு எலிகளின் கொழுப்புச் செல்லில் இதைக் கண்டுபிடித்தது. இன்சுலினுக்கு உடம்பு மசிய மறுப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிந்ததால் அந்தப் பெயர். ஆனால் மனிதனிடம் கதை மாறுகிறது. நம்மில் இதைப் பெரும்பாலும் சுரப்பது கொழுப்புச் செல் அல்ல, மேக்ரோஃபேஜ் போன்ற காவல் செல்கள். அப்பா வீட்டில் மாத்திரை, அம்மா வீட்டில் ஊசி என்று வளர்ந்தவளுக்கு, சர்க்கரைக்கும் அழற்சிக்கும் நடுவே நிற்கிற ஒரு புரதம் என்றால் விடுவேனா?

சோதனை எளிமையானது. டிஎச்பி-1 என்ற செல் வகை. 1980ல் ஜப்பானில், ரத்தப் புற்று வந்த ஒரு வயது ஆண் குழந்தையின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க இன்குபேட்டர்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தையை நினைக்காமல் அந்த ஃப்ளாஸ்க்கை நான் திறந்த நாள் குறைவு. இந்தச் செல்களை மேக்ரோஃபேஜ் மாதிரி ஆக்கி, ரெசிஸ்டினை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அவை டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை எவ்வளவு கக்கியிருக்கின்றன என்று எலைசா என்ற நிறச் சோதனையில் அளப்பது. கக்கினால் ரெசிஸ்டின் அழற்சியைத் தூண்டுகிறது. அவ்வளவுதான்.

கக்கின. எப்படிக் கக்கின! ஒரு மில்லிக்கு 10 நானோகிராம் கொடுத்தால் கொஞ்சம், 50 கொடுத்தால் நிறைய, 100 கொடுத்தால் அதைவிட நிறைய. எலைசா தட்டில் மஞ்சள் நிறம் இடமிருந்து வலமாக, கோலப்பொடியில் சாயம் கலந்த மாதிரி, படிப்படியாக ஏறியது. ரெசிஸ்டின் கொடுக்காத, ஒப்பிடுவதற்கான கண்ட்ரோல் குழிகள் வெறும் தண்ணீராக நின்றன. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே ஏணி. டோஸ் கூடக் கூட விளைவும் கூடுவதைவிட அழகான படம் எங்கள் தொழிலில் கிடையாது. கைடு அந்த கிராஃபைத் தன் கம்ப்யூட்டரின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். கட்டுரையின் முதல் வரைவு எழுதி, எந்த இதழுக்கு அனுப்பலாம் என்கிற பேச்சே ஆரம்பமாகிவிட்டது.

வேலை செய்த முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பத்து மைக்ரோகிராம் பொடியில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். உருக்கி உறையவைத்து உருக்கினால் புரதம் கெடும் என்பதால் ஒரு குழாய் ஒரு தடவைக்கு. எடுத்ததை நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் ஒரு மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம். இப்படி நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். அதனால் ஒட்டாமல் இருக்க வேறொரு மலிவான புரதத்தைக் கூடவே போடுவது வழக்கம். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி. அந்த மலிவான புரதம் பிஎஸ்ஏ, மாட்டு ரத்தத்தின் ஆல்புமின். குப்பியோடு வந்த தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் ஃப்ரிட்ஜில் 100 கிராம் பாட்டில் ஒன்று எப்போதும் நிற்கும். ஒரு ஸ்பேட்டுலா எடுத்துக் கரைத்து, வடிகட்டி, வைத்துக்கொண்டேன்.

கொதிக்க வெச்சுப் பாத்தியாம்மா?

நவம்பர் கடைசியில் டாக்டோரல் கமிட்டி. வெளியிலிருந்து வந்த மூத்த பேராசிரியை, ஓய்வுபெற்று வருடங்கள் ஆனவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து கையில் இருந்த டீ ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. என் ஏணிப் படம் திரையில் வந்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் கேட்டார். "இந்த ப்ரோட்டீன் ஈ.கோலைல செஞ்சதா, ஹெச்இகே செல்லுலயா?" ஹெச்இகே என்பது லேபில் வளர்க்கிற மனிதச் செல் வகை, பாக்டீரியா அல்ல. ஈ.கோலை மேடம் என்றேன். "கொதிக்க வெச்சுப் பாத்தியாம்மா?"

இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரி ஒரு கதை சொன்னார். எச்எஸ்பி-70 என்ற புரதம் மேக்ரோஃபேஜை உசுப்பிவிடுகிறது என்று கட்டுரை மேல் கட்டுரையாக வந்துகொண்டிருந்த காலம். 2003ல் காவோ, ட்ஸான் என்ற இருவர், கடையில் வாங்கிய ரீகாம்பினன்ட் எச்எஸ்பி-70ஐச் சோதித்துப் பார்த்து, உசுப்பியது புரதமே இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்சின் என்று காட்டிவிட்டார்கள். சொல்லி முடித்து, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

எண்டோடாக்சின் எனக்குத் தெரியாததல்ல. ஈ.கோலை வகைப் பாக்டீரியாக்களின் வெளிப்போர்வையில் இருக்கிற எல்பிஎஸ் என்ற கொழுப்பும் சர்க்கரையும் கலந்த மூலக்கூறு. நம் காவல் செல்களுக்கு அதைக் கண்டால் ஆகாது; டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி வழியாக மோப்பம் பிடித்து டிஎன்எஃப்பைக் கொட்டிவிடும். அந்த ஏற்பியைக் கண்டுகொண்டதற்காக 2011ல் ப்ரூஸ் பாய்ட்லருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதில் வேடிக்கை, என் ஒவ்வொரு தட்டிலும் பாசிட்டிவ் கண்ட்ரோலாக நானே எல்பிஎஸ்ஸைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். செல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க. திருடனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்ட கதை.

கொதிக்கவைப்பதில் இருக்கிற தந்திரம் இதுதான். சூடு பட்டால் புரதம் குலைந்துவிடும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி. எல்பிஎஸ் அசையாது. கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவின் 121 டிகிரியை நம்பக்கூட முடியாது. அதை அழிக்க 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஆக, கொதிக்கவைத்த ரெசிஸ்டின் செல்களைத் தூண்டவில்லை என்றால் நான் தப்பித்தேன்.

டிசம்பர் 8, வியாழக்கிழமை. நீர்த்துக் கலந்து வைத்த ரெசிஸ்டினில் பாதியைத் தனியே எடுத்து ஹீட் பிளாக்கில் அரை மணி நேரம் வைத்தேன். கொதித்தது, கொதிக்காதது, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஊற்றினேன். மறுநாள் மாலை எலைசாவில் கடைசிக் கரைசலை விட்டதும், நிறம் ஏறுவதை உட்கார்ந்து பார்த்தேன். வழக்கமாக யாரும் பார்க்க மாட்டார்கள். டைமர் வைத்துவிட்டு டீக்குப் போவோம். முதலில் நீலம் இரண்டு வரிசையிலும் ஒன்றாகக் கிளம்பியது. ஒன்றாகவே அடர்ந்தது. அமிலம் விட்டு நிறுத்தியதும் இரண்டும் ஒரே மஞ்சள். எது கொதித்தது, எது கொதிக்காதது என்று தெரிய நான் நோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்து மேசைத் தோழி சமாதானம் சொன்னாள். ரெசிஸ்டினில் கந்தகப் பாலங்கள் அதிகம், இறுக்கமாகக் கட்டிக்கொண்ட புரதம், அரை மணியில் முழுக்கக் குலைந்திருக்காது என்று. நியாயமான வாதம்தான், இன்றைக்கும் யாராவது சொன்னால் தலையாட்டுவேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் முதலில் வந்தது கோபம். விற்ற நிறுவனத்தின் மேல். முப்பத்தோராயிரம் வாங்கிக்கொண்டு கிருமித் தோலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். தாளை எடுத்துப் பார்த்தால், 'எண்டோடாக்சின், ஒரு மைக்ரோகிராமுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு' என்று பச்சையாகப் போட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்பது ஏறக்குறைய 100 பிகோகிராம் எல்பிஎஸ். இந்த வரியை நான் ஏழு மாதமாகப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. வெயிலைச் சந்தேகப்பட்டேன், கூரியரை, இளகிய ஜெல் பேக்கை, குப்பியைக் குலுக்கிய பெரியவரைக்கூடச் சந்தேகப்பட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு காட்டமான மெயில் எழுதி வைத்தேன். அனுப்புமுன் கைடிடம் காட்டலாம், திங்கட்கிழமை.

திங்கட்கிழமை வர்தா வந்தது

அந்த டிசம்பரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஎம் வாசல் வரிசைகள், அதற்கு நடுவில் 5ஆம் தேதி ராத்திரி வந்த செய்தி, 12ஆம் தேதி புயல். எங்கள் வேளச்சேரித் தெருவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே சாய்ந்தது. நான்கு நாள் கரண்ட் இல்லை. லேபில் மைனஸ் 80 ஃப்ரீசருக்கு மட்டும் ஜெனரேட்டர் என்று செக்யூரிட்டி அண்ணன் போனில் சொன்னார், அதுவும் சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில். இன்குபேட்டரில் இருந்த என் செல்கள் போயிருக்கும். அழக்கூடத் தோன்றவில்லை. பொய் சொன்ன செல்கள்தானே.

இரண்டாம் நாள் ராத்திரி. மெழுகுவத்தி. அம்மா சமையலறையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சம்ப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று பயம். "நல்லாக் கொதிக்கட்டும், கிருமி செத்துரும்" என்றாள். செத்துவிடும், சரி, பொணம் எங்கே போகும் என்று மனதுக்குள் ஒரு குதர்க்கம் எழுந்தது. அந்தத் தண்ணீரிலேயேதான் கிடக்கும். குடித்தால் ஒன்றும் ஆகாது, நம் குடலில் அதைவிடக் கோடி மடங்கு கிடக்கிறது. ரத்தத்தில் போனால்தான் காய்ச்சல். அப்போது மடியில் என் லேப் நோட்டு. செய்ய வேறு வேலை இல்லாததால் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் கிராஃப் இல்லை, என் கையெழுத்தில் கோணல்மாணலான அட்டவணை. இடது ஓரத்தில் டோஸ், 10, 50, 100 நானோகிராம். அதற்கு அடுத்த கட்டத்தில், குழிக்குள் நான் பிபெட்டில் விட்ட அளவு. 10, 50, 100 மைக்ரோலிட்டர்.

ஒரே எண்கள். கணக்குப் போட வசதியாக இருக்கட்டும் என்று நானே அப்படி அமைத்தது. அதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன். ஒரு மில்லிக் குழிக்குள் ரெசிஸ்டின் ஏறும்போதெல்லாம் அது கரைந்திருந்த திரவமும் அதே ஏணியில் ஏறியிருக்கிறது. கண்ட்ரோல் குழிக்கு என்ன விட்டேன்? மெழுகுவத்தியை நகர்த்திப் பார்த்தேன். 'பிபிஎஸ், 100 மைக்ரோலிட்டர்'. வெறும் உப்புக் கரைசல். பிஎஸ்ஏ இல்லாமல். இட்லித் தட்டில் தடவிய எண்ணெய் ரெசிஸ்டின் குழிகளுக்கு மட்டும்தான் போயிருக்கிறது.

அம்மா, "என்னடி, இருட்டுல எதப் பாத்து மொறைக்கிற" என்றாள்.

பிஎஸ்ஏ பாட்டில். வெஸ்டர்ன் பிளாட் என்ற, புரதத்தைக் கண்டறியும் சோதனைக்கு என்று வாங்கியது, லேபில் இருக்கிற எல்லோரும் ஸ்பேட்டுலாவை விட்டு அள்ளுவது, மூடியின் விளிம்பில் காய்ந்த தூள் படிந்திருப்பது. பிளாட்டில் மெம்பரேன் மேல் தடவுகிற பொருளில் எண்டோடாக்சின் இருந்தால் யாருக்கு என்ன? அதற்கு என்று விற்கிறவர்கள் அதை அளப்பதும் இல்லை, குறைப்பதாகச் சொல்வதும் இல்லை. நான் வடிகட்டினேனே என்றால், 0.22 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவைப் பிடிக்கும். அதன் உதிர்ந்த போர்வையை விட்டுவிடும். மீடியத்தில் ஆன்டிபயாடிக் இருந்ததால் குழிகள் கலங்கவும் இல்லை. எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருந்தது.

கடல் தாண்டி வந்ததை ஒன்பது கோணத்தில் சந்தேகப்பட்டவள், கைக்கு எட்டுகிற ஃப்ரிட்ஜ் கதவில் நின்ற பாட்டிலை ஏழு மாதத்தில் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. அது நம்ம வீட்டுச் சாமான். அந்த மெயிலை அனுப்பாமல் விட்டதற்காக வர்தாவுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

நீல ரத்தம்

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஊசிமருந்து கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழனிடம் கெஞ்சி, எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கிற எல்ஏஎல் சோதனைக்கான சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வாங்கினேன். அவற்றில் இருக்கிற சாறு குதிரைலாட நண்டின் ரத்தச் செல்களிலிருந்து எடுப்பது. நம் ஒடிசாக் கரையில் பாலசோர் பக்கமெல்லாம் அந்த நண்டின் இன்னொரு இனம் உண்டு. பெயர்தான் நண்டு, உறவு சிலந்தி, தேள் பக்கம். தாமிரம் இருப்பதால் அதன் ரத்தம் நீலம். எண்டோடாக்சின் துளி பட்டாலும் அந்தச் சாறு கட்டியாகிவிடும். ஊசிமருந்து உலகம் முழுவதும் ஒரு காலத்தில் முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1970களுக்குப் பிறகு மெல்ல மெல்ல இந்த நண்டின் தலையில் விடிந்தது.

முறை, பாட்டி காலத்துத் தயிர்ப் பரிசோதனை மாதிரி. 37 டிகிரியில் ஒரு மணி நேரம், அசைக்காமல். பிறகு குழாயைத் தூக்கி மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும். கட்டி நின்றால் இருக்கிறது, வழிந்தால் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்கான தண்ணீர் முதல் குழாயில், வழிந்தது. என் பிபிஎஸ், வழிந்தது. ஃப்ரீசரில் மிச்சமிருந்த ரெசிஸ்டினை, பிஎஸ்ஏ இல்லாமல், ஊசித் தண்ணீரில் அதே அளவுக்கு நீர்த்தது. கை கொஞ்சம் நடுங்கியது. வழிந்தது. கடைசியாகப் பிஎஸ்ஏ கலந்த கரைசல், ரெசிஸ்டின் துளிகூட இல்லாமல். தலைகீழாக்கினேன். ஆடைத் தயிர் போல அப்படியே மேலே நின்றது. ஒரு தட்டு தட்டினேன். அசையவில்லை.

இதைப் படிக்கிற லேப் ஆட்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பாலிமிக்சின் பி போட்டு எல்பிஎஸ்ஸைக் கட்டிவைத்தும் பார்த்தேன், ஏணி சரிந்தது. பிஎஸ்ஏ கரைசலை மட்டும் 10, 50, 100 மைக்ரோலிட்டர் விட்டும் பார்த்தேன். என் கைடின் முகப்புப் படம் அப்படியே வந்தது, ரெசிஸ்டின் இல்லாமல்.

அந்த நாட்களில்தான் ஃப்ளாரன்ஸ் சைபர்ட்டைப் படித்தேன். 1920களில், அமெரிக்காவில். ரத்தக்குழாயில் புரதக் கரைசல் செலுத்தினால் காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் புரதத்தைச் சந்தேகப்பட்டார்கள். அவர் கரைக்கிற தண்ணீரைச் சந்தேகப்பட்டார். காய்ச்சி வடித்த தண்ணீர்தான். ஆனால் கொதிக்கும்போது தெறிக்கிற நுண்துளிகள் பாக்டீரியாவின் எச்சத்தைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகின்றன என்று கண்டு, வடிகலத்தில் அந்தத் துளிகளைப் பிடிக்க ஒரு தடுப்பு வைத்தார். காய்ச்சல் நின்றது. இதே சைபர்ட்தான் பிறகு காசநோய்த் தோல்சோதனைக்கான டியூபர்குலினைத் தூய்மைப்படுத்தினார். 1968ல் செங்கல்பட்டில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிப் பெருஞ்சோதனையில் நம் ஊர் மனிதர்களின் கையில் குத்திப் பார்த்தது அவர் செய்து வைத்த பிபிடி-எஸ் என்ற அந்தத் தூய டியூபர்குலின்தான். என் ஆயா அந்தப் பக்கத்துக்காரி. அவள் கையிலும் குத்தியிருப்பார்களோ என்று அம்மாவிடம் கேட்டேன், அம்மாவுக்கு நினைவில்லை. நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண், போலியோவால் நொண்டிய காலோடு, தண்ணீரைச் சந்தேகப்பட்டுவிட்டாள். எனக்கு அது தோன்ற ஒரு புயல் வேண்டியிருந்தது.

கைடிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. முகப்புப் படத்தை மாற்றினார், என் எதிரிலேயே, ஏதோ மலைக் காட்சிக்கு. பிறகு, "எத்தன மாசம்?" ஏழு சார். "இன்னொரு வயலுக்கு இண்டென்ட் போடு. மார்ச்சுக்குள்ள பணம் செலவாகணும்."

மறுபடியும் ஸ்டோர்ஸ்

2017 மார்ச் மூன்றாம் வாரம் இரண்டாவது குப்பி வந்தது. நிதியாண்டு முடிகிற நேரம். ஸ்டோர்ஸ் அறை வாசல் வரை அட்டைப்பெட்டிகள். சார் இந்த முறையும் ஜன்னலுக்குப் போனார். குலுக்கவில்லை. "இதுவும் காலிதானா?" காலிதான் சார். "எழுதிக்கட்டுமா?" எழுதிக்கோங்க சார். அதே வரியை எழுதினார், அதே பச்சை மையில். நான் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் குப்பியை எண்டோடாக்சின் அளந்து விற்கிற பிஎஸ்ஏவில், அதே பிஎஸ்ஏ கண்ட்ரோலுக்கும் போட்டு, செய்து பார்த்ததில் ரெசிஸ்டின் செல்களைக் கொஞ்சம் தூண்டத்தான் செய்தது. முன்பு வந்ததில் கால்வாசிகூட இல்லை. 10க்கும் 50க்கும் ஒன்றுமில்லை, நூறில் மட்டும் கண்ட்ரோலைவிட ஒரு பிடி உயரம். அதுவும் நிஜம்தானா, குப்பியோடு வந்த அந்த 'ஒரு யூனிட்டுக்கும் குறைவு' செய்கிற வேலையா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு வருடம் போனது. ஹெச்இகே செல்லில் செய்த ரெசிஸ்டின், விலை இன்னும் அதிகம், அதை வாங்கி ஒப்பிட்டோம். தீசிஸில் அது நான்கு பக்கம். அழகான படம் ஒன்றுகூட இல்லை. வைவாவுக்கு அந்தப் பேராசிரியையே வந்திருந்தார். அந்த நான்கு பக்கத்தை மட்டும் ஓரம் மடித்து வைத்திருந்தார்.

அன்று ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட்டதும் நான் கிளம்பவில்லை. "சார், பழைய பதிவேடு இருக்குமா? எங்க லேபுக்கு பிஎஸ்ஏ பாட்டில் எப்ப வந்துச்சுன்னு பாக்கணும்." எதற்கு என்று கேட்காமல் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, மூன்று நோட்டுகளை இறக்கினார். இரண்டாவதில் இருந்தது. 2011 ஆகஸ்ட். அவர் கையெழுத்துதான், அதே பச்சை மை. விரலை வைத்து, சத்தமாகப் படித்தார்.

"பிஎஸ்ஏ, நூறு கிராம், பாட்டில் ஒன்று. முழுசாக, நல்ல நிலையில் பெறப்பட்டது."